அசுந்தா பெரியம்மா தானே பெட்ரோல் போட்ட கதை

என் பெரியம்மா அசுந்தா நாற்பத்துமூன்று வருடமாகக் கார் ஓட்டுகிறாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் தன் காருக்குத் தானே பெட்ரோல் போட்டதில்லை. எங்கள் ஊரில் இதை யாரும் சாதனையாகச் சொல்லிக்கொள்வதில்லை. நியூ ஜெர்சியில் பெட்ரோல் குழாயை வண்டிக்காரர்கள் தொடக் கூடாது என்பது சட்டம். என் அம்மா தொட்டதில்லை. எங்கள் கோயில் பாதிரியார் தொட்டதில்லை. நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு, எரிபொருள் தாளில் எண்பத்தேழு மதிப்பெண் வாங்கியவன். நானும் தொட்டதில்லை. பங்க்குக்குள் போவோம், கண்ணாடியை இறக்குவோம், "ஃபுல் டேங்க், ரெகுலர், கேஷ்" என்போம். மீதியை நாகரிகம் பார்த்துக்கொள்ளும்.

இந்த நாகரிகத்துக்குக் காதல் ரூபத்தில் ஆபத்து வந்தது.

மெர்வின் பக்கத்து மாநிலத்துக்காரர், பென்சில்வேனியாவில் லிட்டிஸ் என்ற ஊர். சிப்ஸ் கம்பெனி வேன் ஓட்டுகிறார். மூன்று வருடம் முன்பு அவருக்கு ஜெர்சி பக்கம் ரூட் கொடுத்தார்கள். முதல் வியாழக்கிழமை எங்கள் ஃபிலிப்ஸ்பர்க் பங்க்கில் வேனை நிறுத்தினார், இறங்கினார், பிறந்த ஊர்ப் பழக்கத்தில் குழாயைக் கையில் எடுத்துவிட்டார். பங்க்கில் வேலை பார்க்கும் துருக்கிக்காரர் ஓர்ஹான், கையிலிருந்த காபியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஆனால் அதற்கு முன்பே பின்னால் நின்ற பழைய பியூக் காரிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது.

"யோவ்! வேனுக்குள்ள ஏறி உக்காருய்யா! அந்த ஆளு பொழப்புல மண்ணைப் போடாதே!"

தலை என் பெரியம்மாவுடையது. அவளுக்குக் கணவர் இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. இவ்வளவு மனம் திறந்து ஒரு ஆண்பிள்ளையைத் திட்டி அவளுக்கும் ஒன்பது வருடமாகியிருந்தது. மெர்வின் குழாயை மாட்டிவிட்டு, வேனில் ஏறி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். வெளியே இருந்தால் அவை அரிக்குமாம். அடுத்த வியாழன் மன்னிப்புக் கேட்க ஒரு பெட்டி சிப்ஸோடு வந்தார். அதற்கடுத்த வியாழனுக்கு மன்னிப்புக் கேட்க எதுவும் மிச்சமில்லை, ஆனாலும் வந்தார்.

இப்போது கேள்வி கேட்டுவிட்டார். கல்யாணம் செய்துகொண்டு லிட்டிஸுக்கு வந்துவிட முடியுமா? அங்கே அவரும் அவருடைய அக்கா வெர்னாவும் இருக்கும் வீடு பெரியது. பதிலை அக்டோபர் மூன்றாவது ஞாயிறு, வெர்னாவின் மதியச் சாப்பாட்டு மேசையில் சொல்வதாகப் பெரியம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கு முந்தின வாரம் முழுக்க, தன் பியூட்டி பார்லரைப் பூட்டியதும் எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்து யோசித்தாள்.

"அந்த ஊர்ல பெட்ரோல நாமளே போட்டுக்கணுமாம்," என்றாள்.

"இதெல்லாம் ஒரு காரணமாடி அக்கா?" என்றாள் அம்மா.

"பின்ன? வேற என்ன காரணம் இருக்கு? மனுஷன் தங்கம். குடிக்கிறதில்ல. பல்லு சொந்தப் பல்லு. இது ஒண்ணுதான் இடிக்குது."

அம்மா இன்னொரு காபி ஊற்றினாள். அவளும் ஜெர்சிக்காரிதான். அந்தக் காரணத்தின் கனம் அவளுக்குப் புரியாமல் இல்லை.

ஞாயிறு காலை நான் பெரியம்மாவின் பியூக்கை ஓட்டினேன். அவள் மடியில் ஒரு ரிக்கோட்டா பை, அவள் கையால் சுட்ட பாலாடைக்கட்டி இனிப்பு, துணி போட்டு மூடியது. அதை வைத்துக்கொண்டு அவளால் ஓட்ட முடியாது என்பதால்தான் நான். வெர்னா வீட்டில் சாப்பாடு சரியாக ஒரு மணிக்கு. ஒன்று ஐந்துக்குப் போன ஒரு சித்தப்பா இன்றுவரை சூப் பார்த்ததில்லை என்று மெர்வின் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அந்தக் காரைக் கல்லூரிக்கு இரவல் வாங்கிப்போய், டேங்க்கைக் காலி பண்ணிக் கொண்டுவந்தவன் நான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவிடம் சொல்லவில்லை. மாநில எல்லையான ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் முன் அவள், "பெட்ரோல் இருக்குல்லடா?" என்று கேட்டாள். "இருக்கு," என்றேன். இருந்தது. எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

ரெடிங் நகரத்தைத் தாண்டி இருபது நிமிடம் ஆனதும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அது என்னடா விளக்கு?"

"சும்மா, ஞாபகப்படுத்துது."

"எதை?"

"பெட்ரோலை."

பெரியம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மணி பன்னிரண்டு பத்து. முன்னால் ஒரு பங்க் தெரிந்தது. உள்ளே விட்டேன், குழாய் ஓரமாக நிறுத்தினேன், என்ஜினை அணைத்தேன். இருவரும் கண்ணாடியை இறக்கினோம். காத்திருந்தோம்.

இதைப் பென்சில்வேனியாவில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அங்கே ஆள் வர மாட்டான் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். வாரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். ஆனால் தெரிவது மூளை, காத்திருப்பது உடம்பு. பங்க்குக்குள் கார் நுழைந்ததும் ஜெர்சி உடம்பு தானாகவே கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நல்ல வெயில், நல்ல காற்று. எட்டு நிமிடம் போனது.

"பரவால்லடா, இங்க நெறைய பேரு வேலை பாக்கறாங்க," என்றாள் பெரியம்மா, சுற்றிப் பார்த்து. "ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஆள். அங்க பாரு, அவரு கோட்டு சூட்டெல்லாம் போட்டிருக்காரு."

பக்கத்துக் குழாயில் அறுபது வயதுக்காரர் ஒருவர், சாம்பல் நிற சூட், டை, கோட்டில் சர்ச் பேட்ஜ், தன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா கையை நீட்டி இருபது டாலர் நோட்டை ஆட்டினாள்.

"தம்பி! அது முடிஞ்சதும் இங்க வாங்க. ஃபுல் டேங்க், ரெகுலர், கேஷ்!"

அவர் திரும்பிப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"ஓ," என்றார் மெதுவாக. "ஜெர்சியா?"

உடம்புக்கு முடியாதவர்களை விசாரிக்கும் குரல் அது.

"நான் வேணும்னா போட்டு விடட்டுங்களாம்மா? கஷ்டமில்ல. என் மச்சினிச்சியும் அந்தப் பக்கந்தான். பாவம், அவளுக்கும் தெரியாது."

அந்தப் 'பாவம்' இல்லாமலிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். பெரியம்மா நோட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க. நாங்க சும்மா வேடிக்கை பாக்க நிறுத்தினோம்."

அவர் போனதும் கண்ணாடியை ஏற்றினாள்.

"ரோக்கோ," என்றாள். முழுப் பெயர் சொன்னால் விஷயம் பெரிது. "இன்னிக்கு இந்தக் கார்ல நான் என் கையால பெட்ரோல் போடறேன். போட முடிஞ்சா, அந்த மனுஷனுக்கு சரின்னு சொல்லி இங்க வந்துடறேன். முடியலன்னா மாட்டேன். அவ்வளவுதான்."

"பெரியம்மா, கல்யாணத்தை இதுல போயி..."

"ஒரு வாரமா யோசிச்சு எனக்கு மண்டை காயுது. இது முடிவு பண்ணட்டும். பையைப் புடி."

பை என் மடிக்கு வந்தது. பெரியம்மா இறங்கினாள். வலப்பக்கம் போய்த் தேடினாள். எங்கள் பெட்ரோல் மூடி இடப்பக்கம் இருந்தது. இருபது வருடம் பழகிய காரில் அந்த மூடி எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்லை. காரைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கக் குழாயில் நிறுத்தினேன்.

மெஷின் கார்டு கேட்டது. பெரியம்மா பெட்ரோலுக்குக் கார்டு கொடுப்பதில்லை, அது கொள்கை. காசை உள்ளே கட்ட வேண்டும் என்று மெஷின் எழுதிக் காட்டியது. உள்ளே கல்லாவில் இருந்த பெண் வாயில் சூயிங்கம்.

"எவ்வளவுக்கு?" என்றாள்.

"ஃபுல் டேங்க்," என்றாள் பெரியம்மா.

"அது சரி, எவ்வளவுக்கு?"

"எவ்வளவு புடிக்குதோ அவ்வளவுக்கு."

"நீங்க ஒரு தொகை சொல்லணும்மா."

"எனக்கெப்படி தெரியும்? கார் வயித்துல என்ன இருக்குன்னு நான் ஸ்கேனா எடுத்துப் பாத்தேன்?"

சூயிங்கம் நின்றது. அந்தப் பெண் கண்ணாடி வழியாக எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். அவள் முகமும் இளகத் தொடங்கியது. பெரியம்மா அதற்குள் இருபது டாலரை மேசையில் அடித்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மணி பன்னிரண்டு முப்பது. இப்போது குழாய். இரண்டு இருந்தன, ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. நான் பையோடு பக்கத்தில் நின்றேன், ஆலோசகராக.

"பச்சை நல்லா இருக்கு பெரியம்மா. பாக்க சாதுவா இருக்கு."

"காலேஜ்ல இதானா சொல்லிக் குடுக்கறான்?"

"காலேஜ்ல பெட்ரோல் எரிஞ்சதுக்கு அப்புறம் நடக்கறதத்தான் சொல்லிக் குடுக்கறாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு போனை எடுத்தாள். எங்கள் ஊர்ப் பங்க்கில் ஞாயிற்றுக்கிழமையும் ஓர்ஹான்தான். வீடியோவில் அவர் முகம் வந்தது, பின்னால் யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்கக்கா! பதில் சொல்லிட்டீங்களா? கல்யாணம் எப்ப?"

"இன்னும் இல்ல. ஓர்ஹான், பெட்ரோல் எப்படிப் போடறது?"

ஓர்ஹான் சிரித்தார். பிறகு பெரியம்மா பின்னாலிருந்த குழாய் அவர் கண்ணில் பட்டது. சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, எங்க இருக்கீங்க? யாரு உங்கள இறக்கி விட்டது?"

"நானேதான் இறங்கினேன். வழி சொல்லு."

"பதினாலு வருஷமா உங்க கார் மூடிய என்னைத் தவிர யாரும் தொட்டதில்லக்கா."

"தெரியும். இப்ப அழாத. பச்சையா, கறுப்பா?"

"பச்சையைத் தொடாதீங்க!" என்று ஓர்ஹான் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர் கையெடுத்துவிட்டார். "அது டீசல்! யாரு சொன்னது பச்சைன்னு?"

பெரியம்மா போனை என் பக்கம் திருப்பினாள். நான் பையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.

"ஓ, எஞ்சினியர் சாரா," என்றார் ஓர்ஹான். "தம்பி, நீங்க அந்தப் பையை மட்டும் பத்திரமாப் புடிங்க. அக்கா, மொதல்ல மூடியத் திறங்க. இடப்பக்கமாத் திருகுங்க. மெதுவா. ஆங்... அது கொஞ்சம் அடம் புடிக்கும், உங்கள மாதிரியே. இப்ப கறுப்புக் குழாய எடுங்க. வாய மேல தூக்கிப் புடிங்க, சொட்டும். உள்ள விடுங்க. முழுசா. இப்ப விசைய அழுத்துங்க."

அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை.

"வரலயே!" என்றாள் பெரியம்மா. அவள் குரலில் வருத்தம் இருந்ததாகச் சொன்னால் அது பொய். "வரல ஓர்ஹான். மெஷின் கெட்டுப் போச்சு. நான் முயற்சி பண்ணேன். ரோக்கோ, நீ பாத்தேல்ல? சாட்சி."

"அக்கா, ரெகுலர் பட்டன அமுக்கினீங்களா?"

பெரியம்மா பட்டனைப் பார்த்தாள். பட்டன் அவளைப் பார்த்தது. ஒரு விரலால் அமுக்கினாள். மறுபடி விசையை அழுத்தினாள். உள்ளே 'குபுக்' என்றது, எண்கள் ஓட ஆரம்பித்தன. முதல் பதற்றத்தில் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டாள். அரைக் கோப்பை பெட்ரோல் அவள் விரல்களிலும் கோட்டுக் கையிலும் தெறித்தது. ஓர்ஹான் அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

இருபது டாலர் ஆனதும் அதுவாகவே நின்றது.

"ஒடைச்சிட்டனா?"

"இல்லக்கா. முடிஞ்சுது," என்றார் ஓர்ஹான். "நல்லாப் போட்டீங்க. எங்க பங்க்ல இடமிருந்தா வேலைக்கே எடுத்துக்குவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இனிமே வர மாட்டீங்களா அப்ப?"

பெரியம்மா போனை அணைத்தாள்.

காரில் ஏறினோம். பை அவள் மடிக்குத் திரும்பியது. நான் வண்டியைச் சாலையில் ஏற்றினேன். மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து.

"ஜெயிச்சிட்டே பெரியம்மா," என்றேன்.

"ஆமாம்."

"சந்தோஷமா?"

"ரொம்ப," என்றாள், பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருப்பவளைப் போல.

மூன்று மைல் போன பிறகு மறுபடி பேசினாள். சாலையைப் பார்த்துத்தான் பேசினாள், என்னை அல்ல. "வெள்ளிக்கிழமை காலைல என் பார்லர்ல அஞ்சு பொம்பளைங்க வரிசையா உக்காந்திருப்பாங்க. இருபத்தாறு வருஷமா அதே அஞ்சு பேரு. அதுல ரெண்டு பேருக்கு முடியே இல்ல. ஆனாலும் வராங்க." பையின் மேலிருந்த துணியைச் சரிசெய்தாள். "பட்டன அமுக்கணும்னு அந்த ஓர்ஹான் சொல்லாம இருந்திருக்கலாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் தோற்கத்தான் இறங்கியிருக்கிறாள். எரிபொருள் தாளில் எண்பத்தேழு வாங்கியவனுக்கு இவ்வளவு நேரம் பிடித்தது.

ஒரு மணி இரண்டு நிமிடத்துக்கு வெர்னாவின் வாசலில் நின்றோம். வெர்னா எலும்பும் தோலுமாய், உயரமாய், கையில் அகப்பையோடு கதவைத் திறந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், விலகி வழிவிட்டாள். சூப் கிடைத்தது. பை எங்களுக்காக வாதாடியிருக்க வேண்டும்.

மெர்வின் சலவைச் சட்டையில், தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரி உட்கார்ந்திருந்தார். சூப் முடியும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு பெரியம்மா பன்றியிறைச்சித் தட்டை வெர்னாவிடம் நீட்டினாள். வெர்னாவின் மூக்கு விடைத்தது.

"உன் கையில என்ன வாசனை?"

"பெட்ரோல்," என்றாள் பெரியம்மா. "வர்ற வழியில போட்டேன். நானே."

மெர்வினின் முள்கரண்டி கீழே விழுந்தது. "நீயா? அசுந்தா, நீயா?" எழுந்தே விட்டார். "எந்தக் குழாய்? சொட்டுச்சா? கடைசியில ரெண்டு தட்டுத் தட்டினியா? தட்டணும்! வெர்னாக்கா, கேட்டியா, அவளே போட்டுட்டா! அப்ப இனிமே ஒரு பிரச்சினையும் இல்ல!"

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பெரியம்மா அதைப் பார்த்தாள். 'சரி' என்று சொல்ல வாயெடுத்தாள், நான் பார்த்தேன். வந்தது வேறு.

"பிரச்சினை பெட்ரோல் இல்லங்க மெர்வின். பெட்ரோல்னு நெனச்சேன். போட்டுப் பாத்தேன், வந்துடுச்சு. அப்பவும் பிரச்சினை அங்கயே இருக்கு. நீங்க எனக்கு வேணும். ஆனா என் கடையும் என் தெருவும் வேணும். ரெண்டையும் எப்படி ஒண்ணா வெக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

மெர்வின் மெதுவாக உட்கார்ந்தார். கைகள் தாமாகவே தொடைக்கு அடியில் போயின. "உன் ரெண்டுல ஒண்ண விடச் சொல்லி நான் கேக்க மாட்டேன். வெர்னாக்காவ தனியா விட்டுட்டு..."

"நில்லு," என்றாள் வெர்னா.

எல்லோரும் நின்றோம். கிழங்கை மென்றுகொண்டிருந்த நானும்.

"நீ வாரத்துல எத்தன நாள் ஜெர்சியில இருக்க?"

"நாலு நாள். ரூட் அங்கதானே."

"மீதி மூணு நாளும் அவளப் பத்திப் பேசற. அப்ப என் வீட்டுல நீ எதுக்குடா இருக்க?"

"உனக்குத் துணையா அக்கா. நீ தனியா இருப்பியேன்னு..."

"தனியா இருக்கணும்னுதான்டா பதினோரு வருஷமா ஆசைப்படறேன்! காலைல அஞ்சு மணிக்கு ரேடியோ. எல்லா நாற்காலியிலயும் சிப்ஸ் தூள். நீயா போவேன்னு பாத்தேன். நீ போகாம அவள இங்க கூட்டிட்டு வரேங்கற!" பெரியம்மா பக்கம் திரும்பினாள். "உன்மேல கோவமில்ல. உன் பையப் பாத்தாலே தெரியுது, நல்லவதான். ஆனா ஒருத்தனே தாங்கல, ரெண்டு பேருன்னா எப்படி?"

பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மரியாதையாக, பிறகு மரியாதை இல்லாமல். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவள் பெட்ரோல் நெடியில் முகத்தைச் சுளித்து, மறுபடி சிரித்தாள்.

"மெர்வின், என் வீட்டுல நாற்காலி நெறைய இருக்கு. வந்துடுங்க," என்றாள்.

மெர்வின் அக்காவைப் பார்த்தார். வெர்னா ஏற்கெனவே பையை வெட்டிக்கொண்டிருந்தாள். மிகப் பெரிய துண்டை அவள் வெட்டியது தனக்காகத்தான். அவர் பெரியம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு தடவை ஆட்டியது போதாதென்று நாலைந்து தடவை. பிறகுதான் அவருக்கு அது உறைத்தது.

"அப்படின்னா," என்றார், "வாழ்நாள் பூரா வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கணும்."

"உக்காந்துதான் ஆகணும்," என்றாள் பெரியம்மா. "சட்டம்."

"வண்டியோட முன் கண்ணாடியையாவது நான் துடைச்சுக்கலாமா?"

பெரியம்மா வெகுநேரம் யோசித்தாள். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கவனமாக யோசித்தாளா என்பது எனக்குச் சந்தேகம்.

"ஓர்ஹான்கிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றாள்.